விருந்தாளிக் கருவிக்கு ஒரு குடை

மேகமே இல்லாத இரவு வானம் நம்மிடமிருந்து சூட்டை வாங்குகிறதா, நமக்குக் கொடுக்கிறதா? இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் நடக்கிறது என்கிறார் என் கணவர். (அவரைக் கேட்டது என் தப்பு.)

அப்போது அவர் வானிலை ஆபீஸில் தற்காலிக உதவியாளர். வானத்திலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத வெப்பத்தை அளக்கும் கருவி ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. அது சரியாகக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, கிள்ளானிலிருந்து மேலதிகாரி ஒருவர் தம் கருவியோடு வந்தார். இரண்டும் ஒத்துப்போனால் இவர் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டை முடிச்சோடு செந்தூலில் என் அண்ணன் வீடு.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுப் பின்புறத் திடலில் இரண்டு கருவிகளையும் வைத்து, கம்பி இழுத்து, உள்ளறையில் முள்ளைப் பார்க்க உட்கார்ந்தார்கள். "பனி படுதான்னு பாத்துக்க. பட்டா கூப்பிடு" என்றுதான் இவர் சொன்னார்.

விளக்கு வைத்ததும் பனி இறங்கியது. இடுப்பிலிருந்த மகன் தலையில் துணி கட்டினேன். கருவிகளைப் பார்த்தேன். பாவம், வெறுந்தலையாக நின்றன. கூப்பிட்டுத் தொந்தரவு செய்வானேன் என்று குடையை எடுத்தேன். வீட்டில் இருந்தது ஒரே குடை. விருந்தாளிக்குத்தானே முதலில்? அதிகாரியின் கருவிக்குப் பிடித்தேன்.

உள்ளே அதிகாரியின் குரல்: "என்னய்யா, என் முள்ளு ஏறுது, உன்னுது அப்படியே நிக்குது?"

ஐயோ, நம்முடையது நனைந்து கெட்டுவிட்டதோ? குடையை இந்தப் பக்கம் மாற்றினேன்.

"இப்ப என்னுது இறங்குது, உன்னுது ஏறுது!"

"நேத்துகூட நல்லாத்தான் இருந்துச்சு ஐயா…" என்றார் இவர்.

விருந்தாளியை நனையவிட்டது தப்போ? மறுபடி அங்கே. இவர் வேலை போய்விடுமோ? மறுபடி இங்கே. இருவரும் வெளியே ஓடிவந்தபோது, குழந்தையும் குடையுமாக நான் நடுவில் அல்லாடிக்கொண்டிருந்தேன்.

"என்ன தங்கச்சி பண்றீங்க?"

"பனிங்க ஐயா."

இவர் தலையில் கைவைத்துப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். அதிகாரி என்னைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "வானத்தை விட்டுட்டு இவ்வளவு நேரம் குடையோட சூட்டை அளந்திருக்கோம்! போகட்டும் லா. ரெண்டு முள்ளும் ஒரே அளவு ஏறுச்சு, ஒரே அளவு இறங்குச்சு. கருவி பாஸ். குடை பிடிச்சவங்கதான் பெயில்."

வேலை நிரந்தரமானது. என் பெயரும்தான். பாசாரில் எந்த மீனை வாங்குவது என்று நான் தயங்கினால், "குடை யாருக்கு?" என்கிறார் இவர். இப்போது மகனும் கேட்கிறான்.

என் குழப்பம் வேறு. உடம்புச் சூடு வானத்துக்குப் போகாமல் துணி தடுக்கிறது, குழந்தைக்கு நல்லது என்கிறார்கள். அதையே கருவிக்குச் செய்தால் தப்பாம். அடுத்த மாதம் அதிகாரி மறுபடி வருகிறார். பனியும் வரும். அன்று நான் திடலில் நிற்பதா, அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

(வீட்டில் இப்போது இரண்டு குடைகள் இருக்கின்றன.)