எடைக்குப் போகாத கணினி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் கணினியும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும்.

"பன்னெண்டு வருஷக் கிழடு மாமா அது, எடைக்குப் போட்டுடுங்க" என்று போனில் சொன்னீர்களே, அந்தக் கிழடு அச்சடித்த கடிதம்தான் இப்போது உங்கள் கையில் இருப்பது. ஒரு தடவை தடவிப் பாருங்கள்.

நடந்தது இதுதான். அத்தைக்குத் தையலுக்குத் துணி வெட்ட, கணினி உட்கார்ந்திருக்கும் மேசை வேண்டுமாம். "ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தப் பொட்டி ஏதாவது ஒரு வேலைக்கு ஆகணும். இல்லேன்னா பழைய இரும்புக்காரன்தான்" என்று கெடு வைத்துவிட்டாள். முப்பது வருஷம் கருகின மோட்டாருக்குக் கம்பி சுற்றி ஓடவிட்டவன் நான், விடுவேனா? விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, கிழட்டுக் கணினியையும் ஓட வைக்கும் என்று படித்தேன். அதில் துணிக்கடை மாதிரி வகை வகையாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பென் டிரைவில் ஏற்றிச் சொருகினேன். முதல் வகையில் சத்தம் வரவில்லை. இரண்டாவதில் சத்தம் மட்டும்தான் வந்தது. மூன்றாவது, கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்டது. நான் வைக்காத பாஸ்வேர்டை நான் எங்கே போய்த் தேட? கணினியைத் திட்டினேன். அத்தை கதவோரம் நின்று, "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றாள்.

நாலாவதைச் சொருகினேன் பாருங்கள், சும்மா பறந்தது! சத்தம், படம், பிரிண்டர் எல்லாம் தானாக வந்து கைகட்டி நின்றன. திரை மூலையில் 'நிறுவு' என்று ஒரு சின்னப் படம் இருக்கிறது. ஓடுகிற மோட்டாரில் கை வைக்கக் கூடாது என்பது என் தொழில் பாடம், அதனால் அதைத் தொடவே இல்லை. பதினோரு நாள், மாப்பிள்ளை! ஒரு தடவைகூட அணைக்கவில்லை. உங்க ஆபீஸ் கணினி தாங்குமா சொல்லுங்க?

அத்தையின் அளவு நோட்டு முழுவதையும் உட்கார்ந்து அதில் ஏற்றிவிட்டேன். நூற்று நாற்பது பேர். தோள், இடுப்பு, கை நீளம். பேரைத் தட்டினால் அளவு வந்து நிற்கும். அத்தை மூன்று பேரைச் சோதித்துப் பார்த்தாள், நேராகப் போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். முப்பத்தாறு வருஷத்தில் நான் கேட்காமல் வந்த முதல் காப்பி. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "நோட்டு அது பாட்டுக்கு இருக்கட்டுமேங்க" என்றாள். "இனிமே அது எதுக்குடி?" என்று அந்த வேகத்திலேயே பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டேன்.

நான் மட்டும் சுகப்பட்டால் போதுமா? பதினோரு நாளாகக் கணினியில் சொருகியபடியே இருக்கும் அந்தப் பென் டிரைவை இத்துடன் வைத்து அனுப்புகிறேன். உங்கள் ஆபீசும் பிழைத்துப்போகட்டும். அப்பா ஜெயித்துவிட்டார் என்று என் மகளிடம் சத்தமாகச் சொல்லவும். நீங்கள் இருவரும் எங்கும் நின்றுபோகாமல் நீண்ட காலம் ஓட என் ஆசிகள்.

இப்படிக்கு,
எடைக்குப் போகாத மாமனார்

பி.கு.: இதைப் பேனாவில் எழுதுகிறேன். உறையில் போடலாமே என்று பென் டிரைவைப் பிடுங்கினேன், மாப்பிள்ளை. திரை கறுத்துவிட்டது. மறுபடி சொருகினால் லினக்ஸ் புத்தம் புதுசாக வந்து வணக்கம் சொல்கிறது, நூற்று நாற்பது பேரில் ஒருத்தர்கூட இல்லை. இத்தனை நாளும் அது கணினிக்குள் குடியேறவே இல்லையாம், பென் டிரைவிலிருந்தே விருந்தாளியாக ஓடியிருக்கிறது. நான் ஏற்றியதெல்லாம் அணைத்தால் அழிந்துபோகும் தற்காலிக நினைவில்தான் இருந்ததாம். குடியேற்றத்தான் அந்த 'நிறுவு'. திரையிலேயே எழுதியிருக்கிறது, இப்போதுதான் படித்தேன். அதை இனி அழுத்தினால் பழைய அளவெல்லாம் திரும்பி வருமா? நோட்டை வாங்கிப்போன பழைய பேப்பர்காரர் போனை எடுக்கவில்லை. அத்தை பட்டன் வாங்கிக்கொண்டு படியேறுகிற சத்தம் கேட்கிறது. 'வரும்' என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள், அவளிடம் காட்ட வேண்டும்.