பன்னிரண்டு மெஷின் ஏன் பதிமூன்று ஆகவில்லை

தாராவி,
14 ஜூலை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தளவாய் அவர்களுக்கு,

மாமனார் வேல்ராஜ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். தண்ணீர் இன்னும் வீட்டுக்குள் வராததால் மழையும் சுகமே. சிங்கப்பூரில் நீங்களும் என் மகள் இசக்கிசெல்வியும் சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

அரசு அலுவலகங்கள் ஒழுங்காக நடக்கும் ஆசிய நாடுகளில் தொழில் ஏன் வேகமாக வளர்கிறது என்ற உங்கள் ஆராய்ச்சிக்கான கேள்வித்தாள் கிடைத்தது. ‘உங்கள் பை தைக்கும் பட்டறை இருபது வருடமாக ஏன் பன்னிரண்டு மெஷினோடு நிற்கிறது? ஒரு வரியில் எழுதவும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வரியில் அடங்கவில்லை, மன்னிக்கவும்.

ஜனவரியில் விக்ரோலியிலிருந்து ஷரீஃபுன்னிசா மேடம் வந்தார். வெளிநாட்டுக்குப் பை அனுப்புகிறவர். எங்கள் தையலைப் பார்த்துவிட்டு, லைசென்ஸ் வாங்கி இருபது மெஷின் போட்டால் வருடம் முழுக்க ஆர்டர் தருவதாகச் சொன்னார். நான் மறுநாளே லைசென்ஸ் அலுவலகம் போனேன், அங்கே தீத்தடுப்புச் சான்றிதழ் கேட்டார்கள், அதற்குப் போன இடத்தில் கட்டட வரைபடம் கேட்டார்கள், வரைபடத்துக்குப் போன இடத்தில் லைசென்ஸ் கேட்டார்கள். அப்படியானால் எங்கிருந்துதான் தொடங்குவது என்று கேட்டேன். அங்கிருந்த அதிகாரி நன்றாக யோசித்து, லைசென்ஸ் இருப்பவர்கள் சரியான இடத்தில்தான் தொடங்கியிருப்பார்கள் என்றார்.

இப்படியே ஐந்து மாதம். யாராவது லஞ்சம் கேட்டிருந்தால் உங்கள் ஆராய்ச்சிக்கு உதவியாக இருந்திருக்கும். ஒருவரும் கேட்கவில்லை. லைசென்ஸ் அலுவலகத்தில் சாதனா என்று மாதுங்காக்காரப் பெண், நம் தமிழ்தான். நான் வாங்கிக் கொடுத்த டீயைக்கூடத் தொடவில்லை. ஒருநாள் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“மாமா, நான் கையெழுத்துப் போட்டு ஏதாவது தப்பாப் போயிடுத்துன்னா என்னைத்தான் விசாரிப்பா. போடாம வெச்சிருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டா.”

ஜூனில் ஆர்டர் வியட்நாமுக்குப் போய்விட்டது. மேடம் வருத்தப்பட்டுத்தான் போன் செய்தார். அங்கே காகிதம் சீக்கிரம் கிடைக்கிறதோ இல்லையோ, எந்தத் தேதியில் கிடைக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறார்களாம்.

நான் பட்டறைக்கு வந்து மெஷின்களை நிறுத்தச் சொல்லி, இந்த நாட்டு அலுவலகங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பேசி முடித்ததும், பத்தொன்பது வருடமாகத் தோல் வெட்டித் தரும் சொரிமுத்து கத்தியைக் கீழே வைத்தான். மான்குர்தில் சின்னதாக ஒரு வீடு வாங்க அவனுக்கு வங்கிக் கடன் வேண்டும். அதற்கு, இங்கே வேலை பார்க்கிறான் என்று நான் ஒரு கடிதம் தர வேண்டும்.

“மூணு வருசமா கேக்கேன் அண்ணாச்சி. நீங்க இல்லன்னும் சொல்ல மாட்டேங்கியோ, எழுதியும் தர மாட்டேங்கியோ.”

உண்மைதான் மாப்பிள்ளை. எழுதிக் கொடுத்தால் போனஸ், லீவு என்று நாளைக்கு அதைக் காட்டிக் கேட்பான். கொடுக்காமல் இருந்தால் ஒன்றும் வராது என்று ‘பாப்போம், பாப்போம்’ என்றே ஓட்டியிருக்கிறேன். சாதனாவுக்காவது மேலே ஒரு விசாரணை இருக்கிறது. எனக்கு மேலே யாருமே இல்லை. அன்றைக்கே எழுதி, முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டேன். அவன் இரண்டு தடவை வாசித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கத்தியை எடுத்து வேலையைத் தொடர்ந்தான்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: மெஷின் எண்ணிக்கை கூடாததற்கு அந்த மூன்று அலுவலகங்கள் காரணம். நாலாவதாக என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். இனி அந்தப் படிகளை நான் மிதிப்பதாக இல்லை. பன்னிரண்டு போதும்.

இருவரும் நிறைந்த ஆயுளோடு, கேட்ட காகிதம் கேட்ட நாளில் கிடைக்கப்பெற்று வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வேல்ராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது சொரிமுத்து வங்கியிலிருந்து வந்தான். என் கடிதம் நன்றாக இருக்கிறதாம். கூடவே பட்டறை லைசென்ஸ் நகலும் வேண்டுமாம். மேலே பன்னிரண்டு போதும் என்று எழுதியதை அடித்துவிடவும். திங்கட்கிழமை நாங்கள் இருவருமே லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போகிறோம். அவனுக்கு லீவை எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன்.