கற்பூரத்தின் கணக்கில் ஜப்தி

மாமல்லபுரத்தில் சத்தியத்தால் கெட்டவர் ஒரே ஒருவர்தான். பெயரே கற்பூரம். கல் பட்டறையில் யானை செதுக்குகிறவர். எதற்கெடுத்தாலும் ஒரு கட்டி கற்பூரத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிடுவார். ஈ விழுந்ததில் டீ ஒழிந்தது. சில்லறைத் தகராறில் பஸ் ஒழிந்தது. கோபம் ஐந்து நிமிஷம், சத்தியம் ஆயுசுக்கும்.

எழுபதுகளில் நான் அங்கே பாங்கு குமாஸ்தா. அப்போது அவருக்கும் மாமனாருக்கும் சண்டை. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருவிடந்தையில் இருந்த பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். "என் கையால அந்த வூட்டுக்கு ஒரு பைசா குடுக்க மாட்டேன்" என்று அடித்தார் கற்பூரத்தை. மறுநாளே மகள் நினைப்பு வந்துவிட்டது. என்ன செய்ய? மாதாமாதம் அவளுக்கென்று பணம் கொண்டுவந்து, தன் கணக்கிலேயே போட்டுவிட்டுப் பெருமூச்சோடு போவார்.

மனைவி ஜீவனாம்சம் கேட்டு செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போனாள். இவர்தான் பஸ் ஏறமாட்டாரே, நடந்தார். போய்ச் சேர்ந்தபோது கோர்ட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். வராதவர் என்று தீர்ப்பாகி, பாக்கி ஏறி, கணக்கை ஜப்தி செய்யச் சொல்லி எங்களுக்கு உத்தரவு வந்தது.

அவரிடம் சொல்லும் வேலையை மானேஜர் என் தலையில் கட்டினார். சுத்தியல் பிடிக்கிற ஆளாயிற்றே, முதலில் பேப்பர் வெயிட்டை ஒளித்துவைத்தேன்.

"உங்க பணத்தைக் கோர்ட் எடுத்துக்கிச்சுங்க. குழந்தைக்குப் போகுது."

"நான் குடுக்கலியே?"

"நீங்க குடுக்கல."

கவுண்டர் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருப்பே சார். அடுத்த மாசமும் புடுங்கிக்கச் சொல்லு."

அதன்பிறகு பணம் போட வரும்போதெல்லாம், மற்றவர்கள் வட்டி விசாரிப்பதைப்போல் ஜப்தியை விசாரிப்பார். பாக்கி தீர்ந்து ஜப்தி நீங்கிய அன்று மனிதர் இடிந்துபோனார்.

"கோர்ட்டுக்கு நான் இன்னா தப்பு பண்ணேன் சார்? இனிமே பாப்பாவுக்கு எப்டி போவும்?"

பாவமாக இருந்தது. "மேஜைமேல வெச்சிட்டுப் போங்க. நான் மணியார்டர் பண்றேன்."

"உன் கை சத்தியம் பண்ணலியே?"

"பண்ணல."

மூன்று மாதம் என் பெயரில் பணம் போயிற்று. நான்காம் மாதம் அவர் மனைவி மகளோடு பாங்குக்கே வந்து நின்றாள். "யாரு சார் நீ? எம் பொண்ணுக்கு எதுக்குப் பணம் அனுப்பிக்கினு கீறே?"

அவரும் அப்போது அங்கேதான் இருந்தார். மகளைக் கண்டதும் ஓடிப்போய் ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கிவந்து என்னிடம் நீட்டினார். "சார், நீ குடு."

கொடுத்தேன். "நான் வெறும் கைதாம்மா. பணம் இவரோடது" என்று சத்தியக் கதையையும் சொன்னேன்.

குழந்தை ஒரு பிஸ்கட்டை எடுத்து, "அப்பா, இந்தா" என்றது.

"வாங்கலாமா சார்?"

"குடுக்கத்தானே கூடாது. வாங்குங்க."

கற்பூரம் அடித்து அடித்துக் கறுத்த உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வெளியே திருவிடந்தை பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. மகளை அவர் தோளில் ஏற்றிவிட்டு, பட்டறைப் பக்கம் கூடவே நடந்தாள்.

இருபது வருஷம் பாங்கில் எத்தனையோ கைகளுக்குப் பணம் கொடுத்திருக்கிறேன். எனக்கு மறக்காத கை அது ஒன்றுதான்.