மூலை வெட்டிய அட்டை

இந்த வருஷம் ஊர் விழாவில் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். கல்யாணமான இந்தப் பதினெட்டு வருஷத்தில் நானாக எடுத்த மூன்றாவது முடிவு அது. முதல் இரண்டைப் பற்றிக் கேட்காதீர்கள். இரண்டையும் என் மனைவி அன்றைக்கே மாற்றிவிட்டாள்.

எங்கள் ஊர் சின்ன ஊர். ஒரு தபால் ஆபீஸ், ஒரு ஆஸ்பத்திரி, பூட்டு ரிப்பேருக்கு நான். வருஷத்தில் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் ஊர் விழா நடக்கும். சாக்கு ஓட்டம், கயிறு இழுக்கும் போட்டி, வளையம் எறிதல், கேக் கடை, பலூன் கடை என்று ஊரே குதூகலமாக இருக்கும். நான் மட்டும் ஒரு கூடாரத்துக்குள் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கூடார வாசலில் 'தொலைந்தவை, கிடைத்தவை' என்று பலகை தொங்கும். பதினோரு வருஷமாக அதற்குள் தொலைந்துபோனவன் நான்.

காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை கத்த வேண்டும். "நீல நிறக் குடை ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்." குடைக்காரர் வருவதற்குள் ஒரு செருப்பு வரும். ஒற்றைச் செருப்பு. ஒரு வருஷம் பல்செட் வந்தது. இரண்டு பேர் தங்களுடையது என்று சண்டை போட்டார்கள். போட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பேருக்கும் பொருந்தியது. போன வருஷம் ஒரு மாமியாரைக் காணவில்லை என்று மகள் வந்து அழுதாள். நான் மூன்று தரம் அறிவித்தேன். மருமகன் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்து, "சார், கொஞ்சம் மெதுவா அறிவிச்சாப் போதும்" என்றான்.

இந்த உத்தியோகத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் என் மனைவி. அவள் விழாக் கமிட்டிச் செயலாளர். மருந்துக்கடைக்காரர் தலைவர். தலைவர் என்றால் மாலை போட்டுக்கொள்பவர், செயலாளர் என்றால் மற்ற எல்லாவற்றையும் செய்பவர்.

தலைவரைத் தேர்ந்தெடுக்க எங்கள் ஊரில் ஓட்டெல்லாம் கிடையாது. யாருக்கும் வேண்டாத பதவிக்கு ஓட்டு எதற்கு? விழா அன்று மாலை ஐந்து மணிக்கு மேடையில் ஒரு பெயரைச் சொல்வார்கள். பள்ளிக்கூட மணியை மூன்று தரம் அடிப்பார்கள். மூன்றாவது மணிக்குள் அந்த ஆள் ஊருக்கே கேட்கும்படி 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் தப்பினார். இல்லையென்றால் அடுத்த ஒரு வருஷம் அவர்தான் தலைவர். வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை மதியம் கமிட்டிக் கூட்டம் நடக்கும், தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம்! வாரத்தில் ஆறு நாள் ஊரார் பூட்டோடு மல்லுக்கட்டுகிறேன். ஏழாவது நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு என் பழைய சோபாவில் கால் நீட்டிப் படுப்பேன். அந்த இரண்டு மணி நேரம்தான் நான் உயிரோடு இருப்பதற்கே காரணம். என் மனைவி ஒவ்வொரு வருஷமும் மேடையேறி என் பெயரைத்தான் சொல்வாள். நானும் ஒவ்வொரு வருஷமும் முதல் மணி ஓய்வதற்குள் கூடாரத்திலிருந்து மைக்கிலேயே "வேண்டாம்!" என்று அலறித் தப்பித்துவிடுவேன்.

ஆக, தலைவர் பதவி ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்தேன். அந்தக் கூடாரத்திலிருந்து விடுதலை வாங்கினால் போதும். அதற்கு ஒரே வழி, குரல் போய்விட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கடையில் கூட்டமில்லை. பழைய அட்டைப்பெட்டியை வெட்டி எட்டு அட்டை செய்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு வாசகம். 'குரல் போய்விட்டது', 'சரி', 'வேண்டாம்', 'போதும்', 'இன்னும் கொஞ்சம்', 'எனக்குத் தெரியாது', 'நான் எடுக்கவில்லை', 'மன்னித்துவிடு.' எழுதி முடித்ததும் எனக்கே கொஞ்சம் துக்கமாக இருந்தது. பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் நான் பேசிய மொத்தப் பேச்சும் எட்டு அட்டைக்குள் அடங்கிவிட்டது.

அட்டைகளில் ஓட்டை போட்டு ஒரு சாவி வளையத்தில் கோத்தேன். 'வேண்டாம்' அட்டைக்கு மட்டும் ஒரு மூலையைச் சின்னதாக வெட்டிவிட்டேன். அவசரத்துக்குத் தடவியே எடுத்துவிடலாம். ஐம்பது சாவி தொங்கும் வளையத்தில் வேண்டிய சாவியைப் பார்க்காமலே எடுக்கிற கை இது. தொழிலில் நான் பார்த்து எடுத்ததே கிடையாது. அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு.

வளையத்தைச் சாப்பாட்டுப் பையின் அடியில் ஒளித்து வைத்தேன். வியாழக்கிழமை காலை எழுந்ததும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு முதல் அட்டையை நீட்டினேன்.

"அய்யய்யோ! என்னங்க ஆச்சு?" என்றாள் என் மனைவி. பதறிவிட்டாள் பாவம். எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சிகூட வந்தது.

"நேத்து நல்லாத்தானே கத்தினீங்க? சட்டைக்குப் பட்டன் இல்லைன்னு?"

'எனக்குத் தெரியாது.'

"சனிக்கிழமை மைக்குல எப்படிப் பேசுவீங்க?"

முகத்தைத் தொங்கப் போட்டேன். இதற்கு அட்டை தேவைப்படவில்லை.

"பரவாயில்லை, உடம்புதான் முக்கியம். மருந்துக்கடைக்காரரையே மைக் பிடிக்கச் சொல்றேன். நீங்க சனிக்கிழமை வரைக்கும் பாலும் பிரெட்டும் மட்டும் சாப்பிடுங்க. தொண்டைக்கு நல்லது."

'இன்னும் கொஞ்சம்' அட்டை அத்தோடு செத்தது. மூன்று வேளையும் பாலும் பிரெட்டும். அவள் என் எதிரில் உட்கார்ந்து கோழி வறுவல் சாப்பிட்டாள். "காரம் உங்களுக்கு ஆகாதுங்க" என்று அனுதாபத்தோடு சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள்.

மாலையில் பக்கத்து வீட்டுத் தையல்காரர் நலம் விசாரிக்க வந்தார். அவருக்கு நல்ல மனசு. ஆனால் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்.

"அண்ணா, நீங்களே நியாயம் சொல்லுங்க" என்று ஆரம்பித்தாள் என் மனைவி. "என் தம்பி ஒரு பத்து நாள் இங்க வந்து தங்கறேங்கிறான். இவருக்கு இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லிடட்டும். நான் வற்புறுத்த மாட்டேன்."

அவள் தம்பி! என் சவர பிளேடால் பென்சில் சீவுகிறவன். என் சோபாவில் குறுக்கே படுக்கிறவன். நான் வளையத்தைத் தடவி மூலை வெட்டிய அட்டையைப் பளிச்சென்று எடுத்து இருவர் முகத்துக்கும் நேராக நீட்டினேன்.

தையல்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "வேண்டாம்."

"பார்த்தீங்களா அண்ணா, இவர் மனசு!" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பத்து நாளெல்லாம் வேண்டாம், ஒரு மாசமாவது இருக்கட்டுங்கிறார்."

நான் தலையை இடமும் வலமும் ஆட்டினேன். அட்டையை ஆட்டினேன். காலால் தரையை உதைத்தேன்.

"தனியா வர வேண்டாமாம். குடும்பத்தோட வரணுமாம்."

"தங்கமான மனுஷன்மா!" என்றார் தையல்காரர். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என் மச்சானை ஒரு வேளைச் சோத்துக்கு மேல நான் வெச்சதில்ல சார்."

வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு, "பல்லும் வலிக்குதா பாருங்க" என்று தொண்டைக்கும் பல்லுக்குமாக இரண்டு கசாயம் கொண்டுவந்தாள். 'போதும்' அட்டையை நீட்டினேன். "போதும் போதும்னு எவ்வளவு அடக்கம்!" என்று இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.

சனிக்கிழமை விடிந்தது. கூடாரத்துக்குள் மருந்துக்கடைக்காரர் மைக்கோடு வியர்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் இரண்டு நாள் பாலும் பிரெட்டும் ஜீரணமாகிவிட்டது. மரத்தடியில் ஒரு நல்ல நிழலாகப் பார்த்து உட்கார்ந்தேன். சரியாக நாலு நிமிஷம் உட்கார்ந்திருப்பேன்.

"என்னங்க, தொண்டைக்குத்தானே ஓய்வு? கை நல்லாத்தானே இருக்கு? அந்த நாற்காலியெல்லாம் மேடைக்கு முன்னாடி கொண்டு போடுங்க."

நூற்று நாற்பது நாற்காலி. இரும்பு நாற்காலி. போன வருஷமெல்லாம் நான் உட்கார்ந்தே கத்திக்கொண்டிருந்தேனே என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுகைக்கு அட்டை செய்திருக்கவில்லை. முப்பதாவது நாற்காலியில் என் இடுப்பில் தொங்கிய அட்டை வளையம் மாட்டிக்கொண்டு இழுத்தது. அவள் ஓடி வந்தாள்.

"கழட்டிக் கொடுங்க அதை. அறுந்துபோனா அப்புறம் எதை வெச்சுப் பேசுவீங்க? நான் பத்திரமா வெச்சிருக்கேன்."

எவ்வளவு கரிசனம் என்று அப்போதுகூட நினைத்தேன். ஆள் அவ்வளவு அசடு. வேலை முடிந்து நாலரை மணிக்குத் திரும்பக் கொடுத்தாள். இடுப்பில் மாட்டிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு ஊரே நான் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தது. எனக்கு மட்டும் நாற்காலி இல்லை. முன்வரிசை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் மனைவி மேடையேறினாள்.

"அடுத்த வருஷத் தலைவரா என் வீட்டுக்காரர் பேரை முன்மொழியறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மைக் என் கையில் இல்லை! பதினோரு வருஷம் என்னைக் காப்பாற்றிய மைக்கை நானே, என் சொந்தப் புத்தியால், மருந்துக்கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டேன். வாயைத் திறந்து கத்தினால் பொய் வெளிப்படும். ஊர் முன்னால் மானம் போகும். திறக்காவிட்டால் ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போகும்.

மணி அடித்தது. ஒன்று.

"அவருக்குத்தான் குரல் இல்லையே?" என்று பரிந்து பேசினார் தையல்காரர். தெய்வம்போல எழுந்து நின்று பேசினார்.

மருந்துக்கடைக்காரர் யோசித்தார். "குரல் இல்லாதவங்க எழுதிக் காட்டலாம். எழுத்தும் பேச்சும் ஒண்ணுதான்."

ஆஹா! இதற்குத்தானே வளையம்! மணி இரண்டு. எனக்கு அவசரமே இல்லை. ஊரே பார்க்கும்படி நிதானமாக இடுப்பில் கை வைத்தேன். பார்க்காமலே தடவினேன். முழு மூலை, முழு மூலை, இதோ வெட்டிய மூலை. மேடையில் நின்ற என் மனைவியை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்துக்கொண்டே அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். இடப்பக்கம் காட்டினேன். வலப்பக்கம் காட்டினேன். பின்வரிசைக்குத் தெரியவேண்டுமே என்று நுனிக்காலில் எம்பியும் காட்டினேன்.

கைதட்டல் மைதானத்தைப் பிளந்தது. ஒருவன் விசில்கூட அடித்தான். மறுப்பதற்கு இவ்வளவு வரவேற்பா என்று நான் வியந்துகொண்டிருந்தபோதே மூன்றாவது மணியும் அடித்து ஓய்ந்தது.

தையல்காரர் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "பெரிய மனசு சார் உங்களுக்கு!"

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

'சரி.'

"அய்யோ! வேண்டாம்! வேண்டாம்! வேண்டாம்!"

மைக் இல்லாமலே பள்ளிக்கூடக் கட்டடத்தில் பட்டு எதிரொலித்தது என் குரல். ஒரு பலூன் வெடித்தது. மேடையில் என் மனைவி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"பாருங்க! சந்தோஷத்துல அவருக்குக் குரலே வந்துடுச்சு!"

மறுபடியும் கைதட்டல். இந்தத் தரம் எழுந்து நின்று தட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் தன் மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். பதவி போன சந்தோஷத்தில் மனுஷன் பத்து வயசு குறைந்திருந்தார்.

அவளை மேடைக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"செவ்வாய்க்கிழமையே. சாப்பாட்டுப் பை கழுவினேன். வியாழக்கிழமை போகப்போற குரலுக்குச் செவ்வாய்க்கிழமையே அட்டை எழுதி வெச்ச ஆளு உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான்."

"அந்த மூலை?"

"அந்த அட்டையை உருவிட்டு 'சரி'க்கு மூலை வெட்டினேன். பூட்டுக்காரரோட பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்றேன், ஒரு டூப்ளிகேட் போடத் தெரியாதா?"

"என்னை ஏம்மா தலைவராக்கணும்? எனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுன்னுதாங்க. மருந்துக்கடைக்காரர் எல்லாத்துலயும் யோசனை சொல்லிக்கிட்டே இருக்கார். எனக்கு முன்வரிசையில வாயைத் திறக்காம உட்காரத் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும். ரெண்டு நாளாப் பார்த்தேன், உங்களுக்கு அது ரொம்ப நல்லா வருது."

வளையத்தைத் தடவினேன். 'மன்னித்துவிடு' அட்டையை எடுத்து நீட்டினேன்.

"சரி, வாங்க. மணி அஞ்சேகால்தான் ஆகுது. ஆறு மணி வரைக்கும் அறிவிப்பு பாக்கி இருக்கு. குரல்தான் வந்துடுச்சே."

மாலையும் கழுத்துமாக என்னைப் பழைய கூடாரத்தில் உட்கார வைத்து, மைக்கைக் கையில் திணித்து, ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் கையெழுத்து. ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன்.

"'வேண்டாம்' என்று எழுதிய அட்டை ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் தன் மனைவியிடம் வந்து பெற்றுக்கொள்ளவும்."