அட்டை கடிக்காத கொலைகாரன்

நோட்டன் பிரிட்ஜ்,
12.08.2025.

பெருமதிப்புக்குரிய மச்சான் யோகேஸ்வரன் அவர்களுக்கு,

இங்கு நானும் மனைவி பூரணியும் மழையும் சுகம். அங்கு நீங்களும் என் தங்கச்சி ஜெயந்தினியும் வத்தளை வெயிலும் அதேபோல் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

விஷயம் இதுதான். என் மகள், உங்கள் மருமகள் பிரியந்தியைச் செப்டம்பர் முதலாம் திகதி உங்கள் பார்மசி வேலைக்கு அனுப்பிவைக்கிறேன், அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். சினிமாதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றவளுக்கு நாம் இருவரும் சேர்ந்து ஒரு நிபந்தனை போட்டோம் அல்லவா? எடுக்கிற படத்தை நம் தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்குப் போட்டுக்காட்ட வேண்டும், அவர்கள் நல்லது என்று கைப்பட எழுதித் தந்தால் கொழும்பில் அந்த சினிமா வகுப்புக்கு விண்ணப்பிக்கலாம், இல்லாவிட்டால் மாமா கடை. அந்த வகுப்புக்காரர்களும் படத்தோடு பார்த்தவர்களின் கருத்துப் படிவங்களைக் கேட்டிருந்தார்கள், எனவே எல்லாம் பொருந்தி வந்தது. ஜனங்களும் எழுதித் தந்துவிட்டார்கள். என்ன எழுதினார்கள் என்பதைத்தான் உங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

உலகத்தில் எத்தனையோ கதை இருக்க, அவள் கை வைத்தது எதில் தெரியுமா? "சாட்சி சொன்ன சாவி"யில்! நீங்களும் நானும் ஹட்டனில் பதினோரு தடவை பார்த்த படம். கடைசிக் காட்சியில் தொப்பி போட்ட துப்பறிவாளர் கொலைகாரனின் கோட்டுப் பையிலிருந்து சாவியை உருவும்போது, பதினோராவது தடவையும் நாம் வாயைப் பிளந்தோம். அதைப் போய்த் திரும்ப எடுப்பது கோயில் சிலைக்குக் கவுன் மாட்டுகிற வேலை என்று சொன்னேன். "அதே கதைதாம்ப்பா, நம்ம தோட்டத்துல நடந்தா எப்பிடி இருக்கும்னு பாக்குறேன்" என்றாள். அவள் படத்தில் தோட்டத்தை நடத்துகிற பங்களா துரையைக் கொல்வது நம் ஓட்டோக்கார நிரோஷன். எறும்பைக்கூட ஹோர்ன் அடித்து விலக்கிவிட்டுப் போகிற பிள்ளை. கொலை நடந்த நேரத்தில் மலையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்ததாகப் போலீசிடம் பொய் சொல்வான், கடைசியில் சாவியோடு மாட்டுவான். முழுவதையும் கைபேசியிலேயே எடுத்தாள், அதுவும் இந்த அடைமழையில்.

போன ஞாயிறு பகல் இரண்டு மணிக்குச் சமூக மண்டபத்தின் ஜன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டி படத்தைப் போட்டோம். நான் கழுத்துப்பட்டி எல்லாம் கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தேன். பத்தாவது நிமிசம் நிரோஷன் போலீஸ் முன்னால் நின்று, "காலையில இருந்து மலையிலதாங்க ஐயா இருந்தேன்" என்று சொன்னானோ இல்லையோ, பின்னாலிருந்து கொழுந்தெடுக்கிற காளியாயி எழுந்து, "அடேய், பொய் சொல்றான்! அவன் காலைப் பாருங்கடி!" என்று ஒரு சத்தம் போட்டாள். மச்சான், மண்டபமே எழும்பிவிட்டது. மழைக்காலத்தில் தேயிலைக்குள் கால் மணி நேரம் நின்றாலே அட்டை ஏறி இரத்தம் குடித்துவிட்டுப் போகும், இவன் காலையிலிருந்து நின்றவன், கால் இரண்டும் கழுவி வைத்த பீங்கான் கோப்பை மாதிரி இருக்கிறது! உண்மை என்னவென்றால், அவன் அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை சவுக்காரம் பூசிக்கொண்டு நடித்திருக்கிறான். இதை யாரிடம் போய் விளக்குவது? பத்தாவது நிமிசத்தில் கொலைகாரன் பிடிபட்டுவிட்டான், மிச்சம் நாற்பது நிமிசம் துப்பறிகிறவர் மட்டும்தான் தெரியாமல் அலைந்தார். சாவி விழுந்தபோது ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. நிரோஷன் சிவனொளிபாதமலை யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு நல்லதண்ணி போகிற சீசன் பஸ்ஸில் தப்பி ஓடுகிற இடத்தில், "இந்த மழையில எந்த சீசன் பஸ்டா? சீசன் முடிஞ்சு மூணு மாசமாச்சே" என்று சிரிப்பு வேறு. பிரியந்தி கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சரி, எழுத்திலாவது ஏதாவது தேறும் என்று பார்த்தால், அது இன்னொரு கூத்து. படிவத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, கீழே கருத்து. அடையாள அட்டை இலக்கம் கேட்டால் நம் சனங்களுக்கு என்ன தோன்றும்? அரசாங்கத்தின் தனி வீட்டுத் திட்டத்துக்குப் பதிகிறார்கள் என்று செய்தி வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் பறந்து, படமே பார்க்காதவர்கள்கூடக் குடும்ப அட்டையோடு வந்து வரிசையில் நின்றார்கள். "ஐந்து பேர் இருக்கிறோம், இரண்டு அறை வேண்டும்" என்று ஒருவர். "கூரைத் தகரம் பன்னிரண்டு" என்று ஒருவர். ஒருவர் தன் தகப்பனாரின் மரணச் சான்றிதழையே பின் குத்தி இணைத்திருந்தார். எழுதத் தெரியாதவர்களுக்கு வழக்கம்போல் நான் எழுதிக் கொடுத்தேன். முப்பத்தொரு வருசம் தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்து மனு எழுதிய கையல்லவா, "மேற்படி கொலையைத் தாங்கள் கருணைகூர்ந்து மீள் விசாரணை செய்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்றுதான் வருகிறது. இருபது படிவத்திலும் அதுவே வந்துவிட்டது. ஒழுங்காகக் கருத்துச் சொன்னது யாழ்ப்பாணத்து நடராசா மாஸ்டர் ஒருவர்தான். "படம் வடிவாத்தான் எடுத்திருக்கிறியள் பிள்ளை, ஆனா கொலை செய்யிற ஆள் இவ்வளவு மரியாதையாக் கதைக்கக்கூடாது" என்றார். நிரோஷன் குத்துவதற்கு முன்னால் "மன்னிச்சுக்கங்க ஐயா" என்று சொன்னது எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

மறுநாள் கொழுந்து நிறுக்கிற மடுவக் கொட்டகையிலும் இதே பேச்சு. நான் அந்தப் பக்கமாகச் சும்மாதான் போனேன். கூடையை இறக்காமலேயே பொம்பளைகள் வட்டமாக நின்று வழக்குப் பேசுகிறார்கள். "சாவி கெடக்குது சாவி, லயத்துல யாரு வீட்டுக் கதவுக்குச் சாவி இருக்கு? நானா இருந்தா எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, கழிசானத் தூக்கிக் காலக் காட்டுங்கடான்னு சொல்லியிருப்பேன்" என்று காளியாயி. "இங்க கொழுந்து நிறுக்கிறதா, கொலை விசாரிக்கிறதா?" என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா கத்தினார். எல்லாரும் அடங்கினார்கள். கொஞ்சம் பொறுத்து, அவரே தராசைப் பார்த்துக்கொண்டு மெதுவாக, "சரி, அவன் எதுக்குத் துரையக் கொன்னான்?" என்று கேட்டார். மறுபடி ஆரம்பித்துவிட்டது. பிரியந்தி ஒரு மூலையில் குந்தியிருந்து, மிஞ்சிய படிவங்களின் பின்பக்கத்தில் எல்லார் சொன்னதையும் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் பேச்சுப் பேச்சுதான். எழுத்தில் வந்தது கூரைத் தகரம். நான் வாக்கு மாறுகிறவன் இல்லை. வீட்டுக்கு வந்து, "முதலாம் திகதி மாமா கடை" என்றேன். அவள் சண்டை போடவில்லை. "சரிப்பா" என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. எனவே இடத்தைக் கட்டாயம் வைத்திருங்கள், பிள்ளை மாத்திரைப் பெயர்களையெல்லாம் கடகடவென்று பாடமாக்கிக்கொள்வாள். தங்கச்சிக்கு என் அன்பும் உங்களுக்கு என் வணக்கமும் அடுத்த பஸ்ஸிலேயே வந்து சேரட்டும். எல்லாருக்கும் கடவுள் துணை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
ப. நல்லமுத்து.

பி.கு. (25.08.2025): மேலே உள்ள கடிதம் இரண்டு வாரமாக என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. முதல் மூன்று நாள் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. அதற்குப் பிறகு பஸ் ஓடியது, நான்தான் தபாற்கந்தோருக்குப் போகவில்லை. ஏனென்றால் பதினேழாம் திகதி ஞாயிறு, காளியாயியும் இன்னும் ஒன்பது பொம்பளைகளும் வாசலில் வந்து நின்று, "கிளாக்கர் ஐயா, புள்ளைய அனுப்புங்க, படம் தப்பாக் கெடக்கு, திருத்தணும்" என்றார்கள். சம்பளம் தந்து கூப்பிட்டால்கூட வராதவர்கள், லீவு நாளில் வந்து நிற்கிறார்கள். அனுப்பினேன். தொப்பிக்காரத் துப்பறிவாளர் போய்விட்டார், இப்போது துப்புத் துலக்குவது காளியாயி. சாவியும் இல்லை, சீசன் பஸ்ஸும் இல்லை. நிரோஷனின் காலைக் கடைசி வரை காட்டாமல் மறைத்து வைத்துவிட்டாள் உங்கள் மருமகள். நேற்றுப் பகல் மடுவத்தில் போட்டபோது ஒரு சத்தம் இல்லை. படத்தின் கடைசியில் காளியாயி ஆம்பளைகள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, "காலக் காட்டுங்க" என்று சொல்லி, ஒவ்வொரு காலாக இரத்தக் கடியோடு வந்து, நிரோஷனின் வெள்ளைக் கால் வந்ததும், பொம்பளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் வாயைப் பிளந்தேன் மச்சான். முன்பே தெரிந்தும் பிளந்தேன். இந்த முறை படிவங்களில் ஒருவர் மட்டும்தான் கூரைத் தகரம் கேட்டிருக்கிறார், அது நியாயம், அவர் வீடு உண்மையிலேயே ஒழுகுகிறது.

ஆகவே பார்மசி வேலையைத் தயவுசெய்து வேறு பிள்ளைக்குக் கொடுங்கள். வகுப்புக்கு விண்ணப்பம் போகிறது. எடுப்பார்களோ மாட்டார்களோ, இந்த வருசம் இல்லாவிட்டால் அடுத்த வருசமும் போடுவாள், நான் எழுதிக் கொடுப்பேன், மனு நடையில் இல்லாமல். நம் படத்தைவிட அவள் படம் நன்றாக இருக்கிறது. இதை எழுத எனக்குக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன். அவளிடம் இன்னும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே அம்மாவுக்கு ரொட்டி தட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். உறையை ஒட்டிவிட்டுப் போய்ச் சொல்கிறேன்.