சந்தனம் பூசிய பேட்டரி

பூம்பாறை,
திங்கட்கிழமை.

பாலசமுத்திரத்தில் ஒரு குறையுமின்றி வாழ்கிற மாப்பிள்ளை பொன்னுவேல் அவர்களுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரன் முத்துராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் வள்ளியும் கல்யாணப்பெண் துர்காவும் நலம். கார் நலமில்லை. போனில் சொன்னால் சிரிப்பீர்கள், அதை என்னால் தாங்க முடியாது. அதனால் இந்தக் கடிதத்தைப் பூண்டு ஏற்றிப்போகும் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை நம் பழைய அம்பாசடரில்தான் கோயிலுக்குப் போய் இறங்க வேண்டும் என்று துர்கா கேட்டாள். கல்யாணத்துக்கென்று அவள் கேட்டது அது ஒன்றுதான். குளிரில் பழைய பேட்டரி செத்துப்போனதும், "தாய்மாமன் சீர்ல மொத சீர் இதுதான் மச்சான்" என்று புதுசைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தீர்கள். பொட்டு வைத்து, சூடம் காட்டி, நீங்களே மாட்டினீர்கள். அன்று ஒரு தடவை ஸ்டார்ட் ஆனது. நீங்களும் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினீர்கள். மறுநாளிலிருந்து சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இறக்கத்தில் தள்ளிப் பார்த்தோம், ஸ்டார்ட்டும் ஆகவில்லை, நிற்கவும் இல்லை, முட்டைக்கோஸ் பாத்திக்குள் போய்த்தான் நின்றது, அந்த நேரம் பார்த்துத்தானா சம்பந்தி வர வேண்டும், வந்தவர் வேட்டியை மடித்துக்கட்டி அவரும் தள்ளினார். அப்புறம் கொடைக்கானலிலிருந்து மெக்கானிக் குமாரவேல் வந்தான். பேட்டரியை அவன் சந்தேகிக்கவே இல்லை, எப்படிச் சந்தேகிப்பான், குங்குமப் பொட்டோடு சாமி மாதிரி உட்கார்ந்திருக்கிறது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டேயே போனான். காயிலைக் கழற்றினான், பிளக்கைக் கழற்றினான், மேகம் இறங்கி ஈரம் பிடித்திருக்கும் என்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கொண்டுபோய் வள்ளியின் அடுப்போரம் காயவைத்தான். எல்லாம் முடிந்து, வேறு வழியில்லாமல் பேட்டரி ஒயரைக் கழற்றினால், உள்ளே காய்ந்துபோன சந்தனம். ஒயர் மாட்டும் முனையிலேயே அப்பி, மேலே விபூதியும் தூவி இறுக்கியிருக்கிறீர்கள். குமாரவேல் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் சுரண்டினான். "கரண்டு எங்கிட்டுண்ணே போகும், வழியெல்லாம் பிரசாதம்ல அடைச்சுக் கெடக்கு" என்றான்.

வெந்நீர் விட்டுக் கழுவியதும் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. தேவையில்லாமல் கழற்றிய ஒயர்களில் எது எந்த பிளக்குக்கு என்பது குமாரவேலுக்கே இப்போது மறந்துவிட்டது. மற்ற சாமான்கள் சுளகில், பூண்டுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. துர்கா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரே பெண், ஒரே ஒரு ஆசை. கல்யாணத்துக்கு நீங்கள் வர வேண்டாம். தாய்மாமன் மாலையை வள்ளியின் சித்தப்பா மகன் போடுவான்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும். உங்களுக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
முத்துராஜ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் துர்கா இதை வாங்கிப் படித்துவிட்டாள். "காரு யாருக்குப்பா வேணும்? மாமா ஓட்டிக்கிட்டு வரணும்னுதான கேட்டேன். நீங்க அதைக் காதுலயே வாங்கல. காரு கெடந்தாக் கெடக்கட்டும், மாமாவோட நடந்தே போயிக்கிறேன். மாமா வரலைன்னா நான் மணையில உக்கார மாட்டேன்" என்கிறாள். ஆகவே மேலே உள்ளதைப் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். வியாழனன்றே வெள்ளனே கிளம்பி வந்துவிடுங்கள். சீர் எதுவும் வேண்டாம். வெறுங்கையோடு வந்தால் போதும்.