ஓட்டுக்கு ஒரு பொட்டு

ஒரு ஊரே நெற்றியில் கறுப்புப் பொட்டோடு உங்களைத் தேடி வந்தால் நீங்கள் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்? யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், என்றைக்காவது உதவும். நான் யோசிக்காமல் குற்றாலத்துப் பெரிய அருவிப் பக்கம் ஓடினேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, ஊரில் மீதிப்பேர் அங்கேதான் நின்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் காலேஜில் ரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். கடவுள் இல்லை என்று அந்த வருஷம்தான் முடிவு செய்திருந்தேன். (வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும் என்று வைத்திருந்தேன்.) தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் பஞ்சாயத்து போர்டு எலெக்‌ஷன் வந்தது. சங்கரலிங்கம் மாமா நின்றார். எதிரே வேலாயுதம் அண்ணாச்சி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று ஆளுக்கொரு நிறப் பெட்டி கொடுத்திருந்தார்கள். மாமாவுக்குப் பச்சை, அண்ணாச்சிக்குச் சிவப்பு. திரைக்குப் பின்னால் போய்ப் பிடித்த நிறத்தில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியது.

நான் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினேன். மாமா கட்சி சத்தியத்தின் கட்சி, அண்ணாச்சி கட்சி அயோக்கியர்களின் கட்சி என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. (எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மாமா சொன்னார்.)

எங்கள் ஊர் எலெக்‌ஷனில் செத்தவர்களும் வந்து ஓட்டுப் போடுவார்கள். அதாவது அவர்கள் பெயரில் வெளியூர் ஆள் வந்து போடுவான். போட்டுவிட்டுப் போய்க் குளித்து, வேட்டி மாற்றி, இன்னொரு செத்தவராக மறுபடி வருவான். சிவப்புக் கட்சி அப்படி ஆட்களைக் கொண்டுவந்து ஐந்தருவிப் பக்கம் இறக்கியிருக்கிறது என்று பேச்சு அடிபட்டது. இதற்கு விஞ்ஞானத்தில் மருந்து உண்டு என்று எனக்குத் தோன்றியது. சில்வர் நைட்ரேட் கரைசல். தோலில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. வெயில் பட்டால் கறுக்கும். சீயக்காய் போட்டாலும் போகாது, அருவியில் நின்றாலும் போகாது. காலேஜ் ஆய்வுக்கூடத்தில் மிச்சம் என்று நானே தீர்மானித்து எடுத்துவந்த ஒரு பாட்டில், கறுப்புக் காகிதம் சுற்றி, என் பெட்டியில் இருந்தது.

விரலில் தொட்டு வைக்கலாமா என்று எலெக்‌ஷன் ஆபீசரைக் கேட்டேன். "அப்படியெல்லாம் ரூல் கிடையாது, போய்யா" என்றார்.

அப்போதுதான் பிள்ளையார் ஞாபகத்துக்கு வந்தார். ஓட்டுப் போடுகிற பள்ளிக்கூடத்து வாசலிலேயே பிள்ளையார் கோயில். வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காதவன்கூட எலெக்‌ஷன் அன்றைக்குக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவான். பூசை செய்கிற பண்டாரம் எல்லாருக்கும் சந்தனம் கொடுப்பார். வாங்குகிறவன் விரலால்தானே தொட்டாக வேண்டும். அடுத்த நடை வரும்போது விரல் கறுத்திருக்கும். உள்ளே மாமாவின் ஏஜெண்டாக உட்கார்ந்திருக்கிற நான், "எங்கே, விரலைக் காட்டும்" என்பேன். ஆள் காலி.

விடிந்ததும் பண்டாரத்திடம் பாட்டிலை நீட்டினேன்.

"என்ன தம்பி இது?"

"காய்ச்சி வடிச்ச தண்ணி. காலேஜ்ல குடுத்தது. கிணத்துத் தண்ணிய விடச் சுத்தம். சந்தனத்துல கலந்துக்கிடுங்க."

"நல்லதாப் போச்சு. இந்த மழையில கிணத்தடிக்கு யாரு போவா" என்று கையாலேயே குழைக்க ஆரம்பித்துவிட்டார். காலிப் பாட்டிலை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. மாமாவிடம்கூட. ஜெயித்த பிறகு சொல்லி அசத்தலாம் என்று திட்டம்.

இந்தத் திட்டத்தில் ரெண்டு ஓட்டை. ஒன்று, இவ்வளவு வருஷம் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், சந்தனத்தை விரலில் தொட்டு யாரும் விரலிலேயே வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதை மறந்துபோனேன். முதல் ஆள் வாங்கி நெற்றி நடுவில் இட்டதைப் பார்த்தேன். ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் எங்கள் அத்தை (அப்போதெல்லாம் சொத்து, வரி இருந்தால்தான் ஓட்டு. அவள் பேரில் வயல் இருந்தது) வழியில் மறித்தாள்.

"ஏலே சம்முவம், சாமி கும்பிடாம எங்கன போற? வா இங்கன."

"வேண்டாம் அத்தை."

"மாமா ஜெயிக்க வேண்டாமா ஒனக்கு?"

அந்தச் சந்தனத்தில் என்ன இருக்கிறது என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் நான். என் நெற்றியில் அத்தை தாராளமாக அப்பினாள். "லேசா எரியுதுல்லா? சக்தி உள்ள பிள்ளையாரு" என்றாள்.

ரெண்டாவது ஓட்டை, சாரல். ஆனி மாசம் குற்றாலத்துப் பக்கம் வெயிலை எங்கே தேடுவது? மலை முழுக்க மேகம். பள்ளிக்கூடத்துக்குள் விளக்கு வைக்காத குறை. ஒருத்தன் விரலும் கறுக்கவில்லை. ஒரே மூக்கு, ஒரே மச்சம், வேறு வேறு பெயரில் வந்துபோய்க்கொண்டிருந்தது. சுடலையாண்டி என்று ஒருவன் வந்தபோது என்னால் பொறுக்கவில்லை.

"இவரு செத்துப்போயிட்டாரு. எழவுக்கு நானே போயிருந்தேன்" என்று எழுந்தேன்.

"ஆளப் பாத்தாத் தெரியலயா? உசிரோடதான நிக்கேன்" என்றான் அவன்.

சிவப்புப் பெட்டி ஏஜெண்ட் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து மாமா குரல் கொடுத்தார். "விடு மருமவனே. நமக்கெதுக்கு வம்பு? ஆண்டவன் பாத்துக்கிடுவான்."

என்ன பெருந்தன்மை என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சாயங்காலம் எண்ணினார்கள். மாமா ஜெயித்துவிட்டார். சில்வர் நைட்ரேட் கெட்டுப்போன சரக்கு என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை வெயில்.

சும்மா வெயில் இல்லை. சாரல் அப்படியே நின்று, மலை கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று தெரிய, மஞ்சளாக இறங்கிய வெயில். மாமாவுக்கு மாலை போட்டு, மேளம் வைத்து, குற்றாலத்துக்குக் குளிக்க ஊர்வலம் கிளம்பியது. நான் முன்னால் கொடி பிடித்துக்கொண்டு போனேன். வழியில் யாரோ என்னை முறைத்துப் பார்த்தார்கள். திரும்பினேன். மேளக்காரர் நெற்றியில் பழுப்பாக ஒரு வட்டம். அதற்குப் பின்னால் வந்தவர் நெற்றியில் ஊதாவாக. அதற்கும் பின்னால் கறுப்பாக. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு அழகாக ஒரு நாளும் வந்ததில்லை. கொடி என் கையில் தானாக ஆட ஆரம்பித்தது. காற்றே இல்லை.

இதில் பெரிய பயங்கரம் என்னவென்றால், அவனவன் நெற்றி அவனவனுக்குத் தெரியாது.

"ஒம்ம நெத்தியில என்ன வே?"

"என் நெத்தியிலயா? ஒம்ம நெத்தியிலல்லா இருக்கு."

மேளம் நின்றது. அம்மை என்று ஒருவர் விலகி ஓடினார். விலகி ஓடியவர் நெற்றியிலும் இருந்தது. அதற்குள் பண்டாரம் வந்து சேர்ந்தார். அவருக்கு நெற்றி மட்டும் இல்லை, ரெண்டு உள்ளங்கையும் அடுப்புக்கரி. (பிள்ளையாருக்கும் பூசியிருந்தார். அவர் ஏற்கெனவே கறுப்பு, அவருக்கு நஷ்டமில்லை.)

அத்தை மாமாவின் நெற்றியைப் பார்த்தாள். "பிள்ளையாரு கண்ணத் தொறந்துட்டாரு" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் எல்லாருக்கும் கேட்டது.

அவ்வளவுதான். தெருவிலேயே ஒவ்வொருவராகக் கொட்ட ஆரம்பித்தார்கள். "நான் பச்சகிட்ட வேட்டி வாங்கிட்டுச் செவப்புல போட்டேன், என்னய விட்டுரு சாமி" என்றார் ஒருவர். "நான் ரெண்டு பேருகிட்டயும் வாங்கிட்டுச் சீட்ட மடியில வச்சிட்டு வந்துட்டேன்" என்றார் இன்னொருவர். பாதிப்பேர் அருவியைப் பார்த்து ஓடினார்கள், அதில் நின்றால் போகாத பாவமா என்று. வேலாயுதம் அண்ணாச்சி மட்டும் தள்ளி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஐந்தருவிப் பக்கமிருந்து ரெண்டு மாட்டுவண்டி வந்தது. அதிலிருந்து ஆட்கள் குதித்தார்கள். ஒருவனுக்கு நெற்றியில் ஒன்று, கழுத்தில் ஒன்று, புருவத்துக்கு மேலே பட்டையாக ஒன்று. ஒவ்வொரு நடைக்கும் வேறு ஆளாகத் தெரிவதற்காக இடம் மாற்றி மாற்றிப் பூசியிருக்கிறான்கள். முதல் ஆள் நேற்றைய சுடலையாண்டி. நேராக மாமா காலில் விழுந்தான்.

"மொதலாளி, நீங்க சொன்னபடிதான போட்டோம். இப்பம் ஓட்டுக்கு ஒரு பொட்டு வந்திருக்கே, நாங்க என்ன செய்ய?"

என் பரிசோதனை பிரமாத வெற்றி. திருடனைப் பிடித்துவிட்டேன். திருடன் எங்கள் மாமா.

அண்ணாச்சி சிரிக்க வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் அவசரமாகத் துண்டை எடுத்துக் கழுத்தை மூடினார்கள். அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார்.

மாமா பண்டாரத்தின் பக்கம் திரும்பினார். "சந்தனத்துல என்னத்த வே கலந்தீரு?"

பண்டாரத்தின் கறுப்பு விரல் மெதுவாக உயர்ந்தது. ஊர்வலத்தின் மேல் ஊர்ந்து, என் மேல் வந்து நின்றது. "இந்தத் தம்பி குடுத்த தண்ணி."

கொடியைப் போட்டுவிட்டு ஓடினேன். பின்னால் செருப்புச் சத்தம். அருவிக்கரைக்கு வந்தால் அங்கேயும் ஊர். தேங்காய் நாராலும் செங்கல்லாலும் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள், "பிடிலே அவன" என்ற சத்தம் கேட்டுத் திரும்பினார்கள். முன்னால் நெற்றிகள், பின்னால் நெற்றிகள். போக ஒரே இடம்தான் இருந்தது. அருவிக்கு அடியில் போய்ப் பாறையோடு ஒட்டி நின்றேன். தண்ணீர் மண்டையில் மூட்டை மூட்டையாக விழுந்தது. மாமா கையில் கம்பு. செத்தோம் என்று தெரிந்துவிட்டது. அடுத்த எலெக்‌ஷனில் என் பெயருக்கும் எவனாவது வந்து ஓட்டுப் போடுவான்.

உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று கத்தினேன். சில்வர் நைட்ரேட், வெயில், ரசாயன மாற்றம், பாடப்புத்தகத்தில் இருந்தது அத்தனையும் இங்கிலீஷிலேயே கத்தினேன். (பயத்தில் தமிழ் வரவில்லை.) அருவி இரைச்சலில் ஒரு எழுத்துகூட அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒருவன் தலைமயிர் முகத்தில் விழ, கண் சிவந்து, உடம்பெல்லாம் உதறி, பல் கிடுகிடுத்து, என்னவோ பாஷையில் கத்துகிறான். நெற்றியில் எல்லாரையும்விடப் பெரிய பொட்டு. அத்தையின் தாராளம்.

"சாமி வந்துட்டுலே அவனுக்கு" என்றது ஒரு குரல்.

கம்பு இறங்கியது. முதலில் மாமாதான் கும்பிட்டார். என்னை அழைத்துப்போய் வெளியே பாறைமேல் நிறுத்தினார்கள். எனக்குக் குளிரும் பயமும் நிற்கவில்லை. உதறல் கூடிக்கொண்டே போனது. அதையும் கும்பிட்டார்கள்.

"இந்தக் கறுப்பு எப்பம் சாமி போகும்?" என்று மாமா கேட்டார்.

ரசாயன மாணவனாகவே பதில் சொன்னேன். "தோல் உரிஞ்சாத்தான் போகும்."

கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. "தோல உரிச்சிருவாராம்" என்று பின்னால் யாரோ அழுதார்கள்.

"வேற வழி கிடையாதா சாமி?"

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நான் நாஸ்திகன் என்று அங்கே சொல்லியிருக்கலாம். ஆனால் மாமாவின் கம்பு இன்னும் அவர் கக்கத்தில்தான் இருந்தது. "திரும்ப ஓட்டுப் போடு. ஆளுக்கு ஒண்ணு. உசிரோட இருக்கவன் மட்டும்" என்றேன். குரல் நடுங்கியதில் ரொம்பப் பொருத்தமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என் ஈரச் சட்டையைப் பிழிந்தாள். பையிலிருந்து காலிப் பாட்டில் விழுந்தது. பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மாமாவுக்குக் கேட்காமல், "சாமிக்குக் காப்பியா, பாலா?" என்றாள்.

மாமா ராஜினாமா எழுதிக் கொடுக்கத் தயங்கித் தயங்கி நாளைக் கடத்தினார். அது வரைக்கும் பொட்டும் போகவில்லை. அவர் எழுதிக் கொடுத்த வாரம் ஊர் முழுக்க நெற்றி உரிய ஆரம்பித்தது. (தோலுக்கு அது கணக்கு. ஊருக்கு அது தீர்ப்பு.) மறு எலெக்‌ஷன் நடந்தது. ஐந்தருவிக்கு வெளியூர் விருந்தாளி யாரும் வரவில்லை. செத்தவர்கள் செத்தே கிடந்தார்கள். சுத்தமான எலெக்‌ஷன். மாமா சுத்தமாகத் தோற்றார். அண்ணாச்சிக்கும் அந்தத் தடவை முன்னைவிட ஓட்டுக் குறைவுதான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பண்டாரத்திடம் மட்டும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், மருந்து, எல்லாம். இன்னும் கறுப்புப் போகாத அந்தக் கையைப் பார்த்துத்தான் ஊர் அவரை விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த மரியாதையை விட்டுக்கொடுக்க அவருக்கும் மனசில்லை.

"சரி தம்பி. மருந்து உம்ம கையில இருந்துச்சு. ஒத்துக்கிடுதேன். ஓட்டு அன்னைக்குப் பூரா ஒளிஞ்சுகிட்டு, உம்ம மாமா மாலையப் போட்டதும் வந்துச்சே ஒரு வெயிலு. அது எந்தப் பாட்டில்ல இருந்துச்சு?"

பதில் எனக்குத் தெரியும். மேகம் விலகியது, அவ்வளவுதான். சொல்ல வாயெடுத்தேன். பிள்ளையார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சந்தனக் கிண்ணம் என் கைக்கு வராது. எனக்குக் காய்ச்சல் வந்து உடம்பு உதறினால் அத்தை வைத்தியரைக் கூப்பிடுவதற்கு முன்னால், "என்னலே, வந்துட்டாரா?" என்று ஒரு தடவை கேட்டுவிடுவாள்.

இப்போது நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்துகிறேன். மருந்து பீரோவின் சாவி ஹெட்மாஸ்டரிடம் இருக்கிறது.